மாப்பிள்ளையா வாத்தியாரா

குருநகர்
28 யூலை 2025

அன்பின் கெல்வின்,

யாகப்பர் கோயில் திருவிழா முடிந்து கொடி இறக்கியாயிற்று. மாமி நல்ல சுகம். நான் சுகம் என்று எழுதினால் நேற்றைய அழைப்புக்குப் பிறகு நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகையால் எழுதவில்லை.

கப்பலிலிருந்து நீங்கள் கதைப்பதில் பாதி எனக்குக் கேட்கிறது, பாதி கடலோடு போகிறது. அரைகுறையாகக் கேட்டுச் சண்டை பிடிப்பதை விட முழுதாக எழுதிச் சண்டை பிடிப்போம். இனிமேல் மின்னஞ்சல்தான். உங்கள் கப்பலில் அது ஒன்றாவது ஒழுங்காக வேலை செய்கிறது.

எங்கள் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இன்னொரு தரம் எழுதி வைக்கிறேன். கார்த்திகையில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்ததற்கு ஓமா இல்லையா என்று செப்ரெம்பர் முடிவதற்குள் கொம்பனிக்குச் சொல்ல வேண்டும். அதற்குள் என் தொழில் தன் காலில் நின்றுவிட்டால் நீங்கள் மறுபடி கப்பல் ஏறுவதில்லை. இல்லாவிட்டால் ஏறத்தான் வேண்டும். கல்யாணம் முடித்து இரண்டு வருடத்தில் நீங்கள் என்னோடு இருந்ததை விட அந்த என்ஜினோடு இருந்ததுதான் கூட. எனக்கு அதன்மேல் பொறாமை. ஆனாலும் முடிவு உங்கள் விருப்பம்.

இனி நல்ல செய்தி. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கனிசியஸ் அண்ணை சம்மதித்துவிட்டார். எந்த வள்ளத்தில் என்ன மீன் வந்தது என்று காலையிலேயே டவுண் வீடுகளுக்குத் தெரியப்படுத்தி, அவர்கள் அங்கிருந்தே சொல்லிவைக்கிற மாதிரி ஒரு செயலி. செப்ரெம்பர் முதல் திங்கள் தொடங்க வேண்டுமாம். தனியாளாக இருந்து எல்லாவற்றையும் கையால் எழுதினால் அடுத்த திருவிழாவுக்குத்தான் முடியும். ஆகவே, என்ன வேண்டும் என்று சொன்னால் தானே செயலியைக் கட்டித்தருகிற ஏஐ ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். மூன்றைப் பிடித்து ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தேன். அவற்றின் இங்கிலீசுப் பெயர் மாமியின் வாயில் நுழையாதபடியால் நானே பெயர் வைத்துவிட்டேன்.

முதலாமவர் மாப்பிள்ளை. வாய் திறக்க முதல் வேலையை முடித்துவிடுகிறார். திரை ஒவ்வொன்றும் கல்யாண அட்டை மாதிரி. ஆனால் கட்டிய வீட்டின் திறப்பைக் கையில் தரமாட்டார். செயலி அவருடைய இடத்திலேயே இருக்கும், உள்ளே எழுதியிருக்கிற கோட் எதையும் நான் தொட முடியாது.

இரண்டாமவர் வாத்தியார். ஒரு வரி எழுத முதல் ஒன்பது கேள்வி. "இந்தப் பெயரை யார் யார் பார்ப்பார்கள்? சிக்னல் இல்லாத இடத்தில் என்ன நடக்க வேண்டும்?" எனக்குப் பரீட்சை மண்டபத்தில் இருக்கிற மாதிரி வியர்த்துவிட்டது. செய்து தந்ததும் பார்க்க வெறும் சாம்பல் நிறம். ஆனால் கோட் முழுவதையும் கையில் தந்துவிடுகிறார்.

மூன்றாமவர் பொய்யன். "சரிசெய்துவிட்டேன்" என்பார், ஒன்றும் நடந்திராது. அவரை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

மாப்பிள்ளையா வாத்தியாரா? உங்கள் புத்தியில் படுவதை எழுதுங்கள்.

அனு


இந்து சமுத்திரம்
4 ஓகஸ்ட் 2025

அன்பின் அனு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. அந்த அழைப்பில் நான் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. என்ஜின் அறையில் நின்று கதைத்தால் எல்லாரும் கத்தத்தான் வேண்டும். அன்பாகக் கத்தினேன்.

செயலி விசயம் எனக்குத் தெரியாது. என்ஜின் விசயம் கொஞ்சம் தெரியும். இந்தக் கப்பலில் ஒரு புதுப் பம்ப் பூட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகு, சத்தமே இல்லை. மூடிக்குச் சீல் வைத்திருக்கிறார்கள், செய்த கொம்பனியின் ஆள் வந்துதான் திறக்க வேண்டும். போன மாதம் நடுக்கடலில் அது நின்றுவிட்டது. அதைச் சுற்றி நின்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், செத்தவீட்டில் நிற்கிற மாதிரி. பக்கத்தில் இருந்த பழைய பம்பை நான் கழற்றிப் பூட்டி ஓடவைத்தேன்.

ஆகவே வாத்தியார் என்று நினைக்கிறேன். ஆனால் தொழில் உன்னுடையது. நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யாதே.

கரையில் இருக்கிறவர்களின் போன் இலக்கம் எல்லாம் அம்மாவிடம் கேள். குருநகரில் அம்மாவின் போனில் இல்லாத ஆள் என்றால் அது ஞானஸ்நானம் பெறாத ஆளாகத்தான் இருக்கும்.

இன்றைக்குச் சாப்பாட்டுக்கு மீன் என்று ஒன்றைத் தந்தார்கள். உன் கையால் கருகின ஒட்டிமீன் பொரியலை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

உன் கெல்வின்


குருநகர்
15 ஓகஸ்ட் 2025

அன்பின் கெல்வின்,

கருகின பொரியலுக்கு நன்றி. கோப்பாய்த் தோட்டக்காரரின் மகளுக்கு மீன் பொரிக்கத் தெரியவில்லை என்பதைப் பசுபிக் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

நான் மாப்பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம். சங்கக் கூட்டத்தில் இரண்டையும் காட்டினேன். வாத்தியாரின் சாம்பல் திரையைக் கண்டதும் கிறிஸ்ரோபர் அண்ணை கொட்டாவி விட்டார். மாப்பிள்ளையின் திரையில் வள்ளம் அலையில் ஆடி வந்து நிற்க, எல்லாரும் எழும்பி வந்து போனை எட்டிப் பார்த்தார்கள். கனிசியஸ் அண்ணை, "பிள்ளை, இதுதான்" என்றார். ஆட்களுக்குப் பிடித்ததைத்தானே செய்ய வேண்டும்? வாத்தியாரின் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தால் உங்கள் கொம்பனிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளும் போய்விடும்.

மாமியின் போனை மாப்பிள்ளையோடு இணைத்தேன். "இதில் உள்ள பெயர்களை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரே ஒரு கேள்வி. ஓம் என்று அமத்தினேன். கரையில் தொழில் செய்கிற அத்தனை பேரும் கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே. வாத்தியார் என்றால் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டிருப்பார்.

உங்கள் ஊரில் பெயர்கள்தான் எத்தனை விசித்திரம். கனிசியஸ், டெக்லஸ் என்று வைப்பவர்கள் பேத்தை, கிளாத்தி என்றும் வைத்திருக்கிறீர்கள். போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன ஏதோ புனிதர்களாக்கும். எங்கள் கோப்பாய்ச் சபையில் நான் அந்தப் பெயர்களைக் கேட்டதில்லை.

அனு


குருநகர்
2 செப்ரெம்பர் 2025

கெல்வின்,

கொம்பனிக்கு ஓம் என்று எழுதுங்கள்.

நேற்றுத் திங்கள் தொடங்கினோம். காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மாப்பிள்ளை தானாகவே டவுண் முழுவதற்கும் செய்தி அனுப்பினார். "வணக்கம்! இன்று பேத்தையின் வள்ளத்தில் விளைமீன். கிளாத்தியின் வள்ளத்தில் பாரை." தொழிலாளிகளுக்குத் தனித்தனியாக, "அன்பின் பேத்தை அவர்களே, உங்கள் மீனுக்கு முதல் வாடிக்கையாளர் வந்திருக்கிறார்."

நான் தேநீர் குடித்துக்கொண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். படலையில் கனிசியஸ் அண்ணை வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தன் போனை நீட்டினார். கரைக்குக் கொண்டுபோகிற இரண்டாவது போன், எனக்கு அந்த இலக்கம் தெரியாது. அதில் அன்பின் பேத்தை அவர்களே.

"பிள்ளை, இந்தக் கரையிலை எனக்கு முகத்துக்கு நேரை இந்தப் பேரை ஒருத்தனும் சொன்னதில்லை. நீ சொன்னது போதாதெண்டு டவுண் முழுக்க அனுப்பிப்போட்டாய்."

பேத்தை என்பது ஒரு மீன் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். தொட்டால் ஊதிப் பெருத்துவிடுகிற மீன். கிளாத்தி என்றால் தோல் தடித்த மீன். அது கிறிஸ்ரோபர் அண்ணை. மாமி எல்லாரையும் பட்டப்பெயரில்தான் போனில் பதிந்து வைத்திருக்கிறார். "நான் நம்பரைத்தானே தந்தனான், பேரை ஆர் பாக்கச் சொன்னது?" என்று என்னைக் கேட்கிறார். கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்ச் சிரிக்கிறார். எனக்குக் கேட்கிறது.

மாப்பிள்ளையிடம் பெயர்களை மாற்றச் சொன்னேன். அழகாக மாற்றினார், ஒரு திரையில் மட்டும். அந்தப் பெயர் இன்னும் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. மத்தியானம் அதே செய்தியை எல்லாருக்கும் இன்னொரு தரம் அனுப்பினார், இந்தமுறை பூப்படம் வைத்து. மாப்பிள்ளையின் ஆட்களுக்கு உதவி கேட்டு எழுதினேன். இன்னொரு ஏஐ வந்து, என் பொறுமைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனது. கடைசியில் முழுதாக நிறுத்தினேன். டவுணில் எங்கள் அம்மாவின் சிநேகிதி கீர்த்திகா ரீச்சர் கூப்பிட்டு, "பேத்தையிட்டை இண்டைக்கு நண்டு இருக்கோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நீங்கள் பம்பைப் பற்றி எழுதினீர்கள். நான் கேட்கவில்லை. எனக்கு இந்த ஊரும் தெரியாது, தொழிலும் தெரியாது. நீங்கள் இங்கே இருந்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பீர்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கோபம்.

அனுஜா


சிங்கப்பூர்த் துறைமுகம்
6 செப்ரெம்பர் 2025

அன்பின் அனு,

மன்னித்துக்கொள், சிரித்துவிட்டேன். பெரிய என்ஜினியர் வந்து எனக்குச் சுகமில்லையோ என்று கேட்டார். பிறகு உன் கடைசி வரியை இன்னொரு தரம் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் போனைக் கேள் என்று எழுதியவன் நான். அதில் எல்லாரும் எந்தப் பெயரில் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. எனக்கு அது பெயர் மாதிரியே பழகிவிட்டது. பாதிப் பிழை என்னுடையது.

எங்கள் கரையில் ஒரு வீட்டுக்கு ஒரு அந்தோனியாவது இருப்பான். பட்டப்பெயர் இல்லாமல் யாரை எப்படிக் கூப்பிடுவது? ஆனால் அது முதுகுக்குப் பின்னால் மட்டும். முகத்துக்கு நேரே சொன்னால் அடிபிடி. எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள், அதுதான் மரியாதை. கனிசியஸ் அண்ணைக்குத் தன் பெயர் என்னவென்று நன்றாகத் தெரியும். பாவம், அதை எழுத்தில் பார்த்தது முதல் தரம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்காதே. மன்னிப்பை அவர்கள் வாங்கத் தெரியாமல் தடுமாறுவார்கள். காலையில் கரைக்குப் போ. எல்லாரும் பார்க்க அவரிடம் மீன் வாங்கு. பேரம் பேசாமல் வாங்கு. அவர் சொன்ன விலையை வாய் திறக்காமல் கொடு. எங்கள் ஆட்களுக்கு அது விளங்கும். கோப்பாயில் பூசணிக்காய்க்கே சண்டை பிடிக்கிற உனக்கு இது பெரிய தண்டனைதான்.

கொம்பனிக்கு நான் ஓம் என்று எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. கோபத்தில் நீ எழுதினதை வைத்து நான் முடிவு எடுக்கமாட்டேன்.

உன் கெல்வின்

பி.கு. எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. கேட்காதே.


குருநகர்
20 செப்ரெம்பர் 2025

அன்பின் கெல்வின்,

போனேன். மாமி பெட்டியையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார், துணைக்கா வேடிக்கை பார்க்கவா என்று தெரியாது. கனிசியஸ் அண்ணை என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பினார். விளைமீன் என்ன விலை என்று கேட்டேன். அவர் சொன்ன விலை அநியாயம், கெல்வின். என் நாக்கு துடித்தது. மாமி பின்னால் நின்று என் சேலையைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் பேசாமல் கொடுத்தேன். ஏலம் கூறுகிறவர் கூடக் கூறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கனிசியஸ் அண்ணை காசை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியில் இன்னும் இரண்டு மீனைப் போட்டார். பிறகு மாமியைப் பார்த்து, "மக்டலீன் அக்கா, உங்கடை மருமேள் இண்டைக்குத்தான் குருநகருக்கு வந்திருக்கிறாள்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் நாற்றத்தில் கண் எரிகிறது என்று சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து வாத்தியாரைத் திறந்தேன். முதல் தரம் கேட்ட அதே கேள்விகள் காத்திருந்தன. இந்தப் பெயரை யார் யார் பார்ப்பார்கள்? அதை யார் மாற்றலாம்? ஓர் ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால் எதை யாருக்குக் காட்டுவது? அறைக்குள் இருந்து எனக்கு இவற்றுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் கணினியைக் கொண்டுபோய் கரையில் வலை காயப்போடுகிற இடத்தில் இருந்துகொண்டு, வாத்தியார் கேட்கக் கேட்க நான் அவர்களிடம் கேட்டேன். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே பதிந்தார்கள். கிறிஸ்ரோபர் அண்ணை தன் ஞானஸ்நானப் பெயரை முழுதாகப் பதிந்தார், அது திரையில் இரண்டு வரி. கனிசியஸ் அண்ணை தன் பெயரே வேண்டாம், வள்ளத்தின் பெயர் போதும் என்றார். அந்த வள்ளத்துக்கு அவர் மனைவியின் பெயர்.

சிக்னல் போனாலும் வேலை செய்கிறது. கோட் முழுவதும் என் கையில். வாத்தியாரை நாளைக்கே வேண்டாம் என்றாலும் கட்டினதை எடுத்துக்கொண்டு போகலாம். போக வழி இருக்கிறபடியால்தான் அங்கே இருக்க மனம் வருகிறது. சாம்பல் நிறத்தை மட்டும் நானே மாற்றினேன்.

ஒரு கிழமையாக ஓடுகிறது. டவுண் ஆட்கள் கரைக்கு வரும்முன்பே மீன் விலைப்படுகிறது. சங்கம் என்னோடு வருட ஒப்பந்தம் எழுதியிருக்கிறது. நேற்றுப் பண்டத்தரிப்பிலிருந்து மரக்கறித் தோட்டக்காரர்கள் வந்து தங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டம் என்றால் நான் யாருடைய போனையும் கேட்கத் தேவையில்லை. என் தொழில் தன் காலில் நிற்கிறது, கெல்வின். கொஞ்சம் தள்ளாடுகிறது, ஆனால் நிற்கிறது.

எனக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் போனால் பொடியள் வாயைப் பொத்துகிறார்கள். மாமியைக் கேட்டால் செபமாலையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போகிறார். உங்களுடையதையும் கனிசியஸ் அண்ணையிடம் கேட்டேன். "அதை உன்ரை மனிசனிட்டைக் கேள் பிள்ளை, ஆனால் வைச்சது நான்தான்" என்றார்.

இனிக் கொம்பனி விசயம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வாருங்கள் என்று நான் கூப்பிட்டு, நீங்கள் வந்து, பிறகு ஒருநாள் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் அந்தப் பழி எனக்கு வேண்டாம். முடிவு உங்கள் விருப்பம்.

அனு


இந்து சமுத்திரம்
24 செப்ரெம்பர் 2025

அன்பின் அனு,

உன் கடிதத்தை என்ஜின் அறையில் வைத்துப் படித்தேன். இங்கே அழுதால் வியர்வை என்று நினைப்பார்கள். நீ அவரிடம் பேரம் பேசாமல் மீன் வாங்கின இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பட்டப்பெயரைச் சொல்கிறேன். ஒருவருக்கும் சொன்னதில்லை.

நான் சின்னப் பொடியனாக இருந்தபோது அப்பா முதல் தரம் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கனிசியஸ் அண்ணைதான் வள்ளம் ஓட்டினார். கோயில் கோபுரம் தெரியும் மட்டும் வீரமாக இருந்தேன். அது மறைந்ததும் அழத் தொடங்கினேன். "திருப்புங்கோ அப்பா, திருப்புங்கோ" என்று ஒரே பிடி. வலை இன்னும் போடவில்லை. போனவர்கள் எல்லாருடைய ஒருநாள் தொழிலும் என் வாயில் தொங்கியது. அப்பா வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "கனிசியஸ், பிள்ளை கேக்கிறான், திருப்படா" என்றார். வெறும் வலையோடு கரைக்கு வந்தோம். அப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அன்றைக்கு எனக்கு வைத்த பெயர் திருப்பு.

அப்பா போனபிறகும் பெயர் போகவில்லை. நான் இந்தக் கரையில் இருக்கிற எல்லா வள்ளத்தையும் விடப் பெரிய கப்பலில் ஏறினது அந்தப் பெயரை அழிக்கத்தான் என்று சில நேரம் நினைக்கிறேன். எவ்வளவு தூரம் போனாலும் என்ன, கரை மறைகிற நேரம் நான் இன்றைக்கும் அந்தப் பொடியன்தான். வெளியே சொல்வதில்லை.

கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேனோ என்று கேட்கிறாய். விடுவேனாக்கும். கரையில் நின்று பெருமூச்சு விட்டால் பரவாயில்லை.

அனு, கொம்பனியின் கடிதம் முன்னால் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பதில் போக வேண்டும். என் மனம் எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணம் முடித்த நாள் முதல் நீ எல்லாவற்றுக்கும் உங்கள் விருப்பம், உங்கள் விருப்பம் என்கிறாய். விருப்பத்தை என் தலையில் கட்டிவிட்டு நீ ஒதுங்கி நிற்கிறாய். ஒரு தரமாவது உன் விருப்பத்தைச் சொல். பிழை வந்தால் பாதி எனக்கு, போன தரம் மாதிரி.

உன் கெல்வின்

பி.கு. உன் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். அம்மா சொல்லிவிட்டார். நல்ல பெயர். சொல்லமாட்டேன்.


குருநகர்
25 செப்ரெம்பர் 2025

அன்பின் கெல்வின்,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நாலு பக்கம் எழுதி அழித்துவிட்டேன். அதில் எல்லாம் உங்கள் விருப்பம் என்று வந்துகொண்டே இருந்தது, கை பழகிவிட்டது. இது மட்டும் போதும்.

திருப்புங்கோ.

அனு